பக்கவாதம்: சிப்காட் கேட்டில் தொடங்கும் நாலரை மணி நேரம்

இரவு இரண்டே முக்கால். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில். நைட் ஷிப்ட் பாதியைத் தாண்டிவிட்டது. நாற்பதைக் கடந்த ஓர் ஆபரேட்டரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவுகிறது. குனிந்து எடுக்கப் பார்க்கிறார்; வலது கை வரவில்லை. "என்னண்ணே ஆச்சு?" என்று ஓடிவரும் ஹெல்பரிடம் ஏதோ சொல்ல முயல்கிறார். நாக்கு குழறுகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது.

அடுத்து என்ன நடக்கும் என்பதை அந்தப் பகுதியில் வேலை பார்த்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். வெக்கையில் மயக்கம் என்பார் ஒருவர். முகத்தில் தண்ணீர் தெளிப்பார் இன்னொருவர். குளுக்கோஸ் கரைத்து வாயில் ஊற்றப் போவார் மற்றொருவர். "தண்ணி போட்டிருக்கானா பாரு" என்று ஒரு குரல் வரும். சூப்பர்வைசர் கான்ட்ராக்டருக்கு போன் போடுவார். அவர் தூக்கத்தில் இருப்பார். ஒருவழியாகக் கம்பெனி வண்டியில் ஏற்றிப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போவார்கள். பிரஷர் எகிறியிருக்கும். ஒரு மாத்திரை, ஒரு டிரிப்ஸ். "இங்க ஸ்கேன் இல்ல, மெட்ராஸுக்குக் கொண்டுபோயிடுங்க" என்பார்கள். வண்டி செங்குன்றத்தைத் தாண்டும்போது விடிந்திருக்கும். சென்னையில் சி.டி. ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது, ஊசி போடுவதற்கான நேரம் முடிந்திருக்கும்.

இந்த ஆபரேட்டர் என் கற்பனை. ஆனால் அவர் இழக்கிற நேரத்தை இந்த நாட்டில் தினமும் யாராவது இழந்துகொண்டிருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் பக்கவாதத்தால் இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டது. பிழைத்தவர்களில் பலர் வேலைக்குத் திரும்பவே இல்லை. மேலைநாடுகளைவிடப் பத்தாண்டு இளைய வயதிலேயே நம் ஊரில் இது தாக்குகிறது. வயதான பெற்றோர், படிக்கிற பிள்ளைகள், அடைக்க வேண்டிய தவணை என்று வீட்டுப் பாரம் முழுவதும் தோளில் இருக்கும் வயது அது.

வேதனை என்னவென்றால், கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவம் மிக வேகமாக முன்னேறிய துறைகளில் பக்கவாத அவசர சிகிச்சையும் ஒன்று. மருந்து வந்துவிட்டது, கருவி வந்துவிட்டது, சென்னையில் அதைச் செய்யத் தெரிந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் விழுந்தவர் சிகிச்சை மேஜைக்கு எப்போது போய்ச் சேருகிறார் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் கையில் இல்லை. கம்பெனி கேட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

ஊசியும் கம்பியும்

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்புதான் அதிகம், ஆனால் கசிவின் பங்கும் நம் நாட்டில் குறைவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: அதே கோணல் வாய், அதே விழுந்த கை. எத்தனை அனுபவமுள்ள மருத்துவராக இருந்தாலும் சி.டி. ஸ்கேன் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றுக்குத் தர வேண்டிய மருந்து மற்றதற்கு எமன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். அதைக் கேள்விப்பட்டு, கை கால் விழுந்தவருக்கும் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். கசிவாக இருந்தால் அது உயிரைப் பறிக்கக்கூடும். பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பதும் அப்படித்தான். அடைப்பு இருக்கும்போது மூளை கூடுதல் அழுத்தத்தை வைத்துத்தான் மிச்சமிருக்கும் பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளும். அதைத் திடீரென்று இறக்கினால் அந்தப் பகுதியும் போய்விடும். சீனாவில் ஆம்புலன்ஸிலேயே பிரஷரைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2024-இல் வெளியானது. கசிவு இருந்தவர்களுக்கு அது நன்மை செய்தது, அடைப்பு இருந்தவர்களுக்குக் கெடுதல் செய்தது. ஸ்கேனுக்கு முன்னால் கை வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கட்டியைக் கரைக்கும் ஊசியின் கதை 1995-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஆல்டிப்ளேஸ் என்ற மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால் பலர் ஊனமின்றி மீள்கிறார்கள் என்று நிரூபணமானது. 2008-இல் அந்த எல்லை நாலரை மணி நேரமானது. நாலரை மணி என்றதும், அதுவரை அவகாசம் இருக்கிறதே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. மூன்று மணிக்குள் ஊசி போட்ட 100 பேரில், போடாமல் விட்டிருந்தால் கிடைக்கும் எண்ணிக்கையைவிட 10 பேர் கூடுதலாக நன்றாக எழுந்து நடக்கிறார்கள். மூன்றிலிருந்து நாலரை மணிக்குள் போட்டால் அது 5 பேராகச் சுருங்கிவிடுகிறது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வந்தது. ஒரு மணி நேரத் தாமதத்தில் மூளைக்கு மூன்றரை ஆண்டு வயது கூடிவிடுகிறது.

ஆல்டிப்ளேஸில் ஒரு சிரமம் உண்டு. பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். இப்போது அந்த இடத்துக்கு டெனெக்டிப்ளேஸ் வந்திருக்கிறது. எடைக்கேற்ற அளவை ஒரே ஊசியில், சில நொடிகளில் செலுத்திவிடலாம். பம்ப் வேண்டாம், ஊசியைப் போட்டு உடனே அடுத்த ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்பிவிடலாம். 2022-இல் கனடாவில் நடந்த ஆய்வு, இது பழைய மருந்துக்கு இணையானது என்று காட்டியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மார்ச்சில் இதைப் பக்கவாதத்துக்கு அனுமதித்தது. இந்தியா அதற்கு வெகுகாலம் முன்பே அனுமதித்துவிட்டது. புனேயில் இயங்கும் ஜென்னோவா நிறுவனம் இங்கேயே அதைத் தயாரிக்கிறது. தாலுகா அளவு ஆஸ்பத்திரிக்கு ஏற்ற மருந்து என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

எல்லாக் கட்டியும் ஊசிக்குக் கரைவதில்லை. பெரிய குழாயை அடைத்த கட்டி பெரும்பாலும் அசைந்துகொடுக்காது. அதற்கு வந்ததுதான் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை. இதயத்துக்கு ஆஞ்சியோ செய்கிற மாதிரியே, தொடையிலோ மணிக்கட்டிலோ துளையிட்டு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கழுத்து வழியாக மூளைக்குள் கொண்டுபோகிறார்கள். அதனுள்ளே ஒரு கம்பிவலை. கட்டி இருக்கும் இடத்தில் வலை விரிந்து கட்டியைப் பற்றிக்கொள்ளும். பின்னாலிருந்து உறிஞ்சியபடி மெதுவாக வெளியே இழுப்பார்கள். திரையில் அதுவரை கறுப்பாக, ஆளே இல்லாத தெருவைப் போலக் கிடந்த மூளையின் பாதி, அடுத்த நொடி கிளை கிளையாக ரத்தம் பாய்ந்து தெரியும். மேஜையில் படுத்திருப்பவர் அங்கேயே கையைத் தூக்குவதும் உண்டு. 2015-ஐ ஒட்டி வெளியான ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 46 பேர் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள். பெறாதவர்களில் 27 பேர்தான். 2018-இல் வெளியான ஆய்வுகள், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளை மிச்சமிருப்பவர்களுக்கு 24 மணி நேரம்வரை இதைச் செய்யலாம் என்று காட்டின.

இந்த 24 மணி நேரத்தையும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எல்லோருக்கும் கிடைக்கும் சலுகை இல்லை. மாற்றுப்பாதையில் வரும் ரத்தம் தாக்குப்பிடிக்கிற சிலருக்கு மட்டுமே அது பொருந்தும். யார் அந்தச் சிலர் என்பதும் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

கசிவு வந்தவர்களுக்குப் பல காலம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே கைவிரித்தார்கள். அதுவும் மாறிவிட்டது. பத்து நாடுகளில், இந்தியாவும் உட்பட, 7,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஸ்கேனில் கசிவு என்று உறுதியானதும் ஒரு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதன் விளைவை முறிப்பது. இவ்வளவுதான். இவற்றைச் சேர்த்துச் செய்ததில் ஊனமும் சாவும் குறைந்தன. புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

எந்த ஆஸ்பத்திரி?

திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மாவட்டத் தலைநகர் மேற்கே இருக்கிறது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022-இல் திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி வடகிழக்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து திருவள்ளூருக்குப் போவதென்றால் குறுக்குச் சாலைகளில் சுற்ற வேண்டும். தேசிய நெடுஞ்சாலையோ கவரைப்பேட்டை, தச்சூர், காரனோடை, செங்குன்றம், மாதவரம், மூலக்கடை என்று நேராகச் சென்னைக்குள் இறங்குகிறது. ஸ்டான்லியும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அந்தச் சாலையின் முடிவில் சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கின்றன. ஆக, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையில் ஒருவர் விழுந்தால் போக வேண்டிய திசை வேறு. கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய்கண்டிகையில் விழுந்தால் வேறு. மாவட்டம் ஒன்றாக இருப்பதால் ஆஸ்பத்திரியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நள்ளிரவில் இந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். காலை எட்டரைக்கு செங்குன்றத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு செல்லாது. அப்படியானால் பக்கத்தில் ஊசி போடும் வசதியுள்ள ஆஸ்பத்திரி இருக்கும்போது அங்கே போவதா, எல்லா வசதியும் உள்ள சென்னைக்கே நேராகப் போவதா? ஸ்பெயினின் கேட்டலோனியாவில் இதே கேள்வியை வைத்து ஆய்வு செய்து 2022-இல் வெளியிட்டார்கள். இரண்டு வழியிலும் முடிவில் வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே பக்கத்து ஆஸ்பத்திரி என்றால், ஸ்கேன் ஓடும், மருந்து இருக்கும், போடத் தெரிந்தவர் இருப்பார். நம்முடைய கேள்வியும் அதுதான். எது பக்கம் என்று பார்த்து வண்டியைத் திருப்பக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு சி.டி. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் ஏறி இறங்குகிற ஒவ்வொரு கிளினிக்கும் அரைமணி நேரத்தை விழுங்குகிறது.

அரசுத் தரப்பில் இதற்கு அடித்தளம் இருக்கிறது. விபத்து, மாரடைப்பு ஆகியவற்றோடு பக்கவாதத்தையும் சேர்த்துத்தான் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பு வடிவமைக்கப்பட்டது. 2008-இல் தொடங்கிய 108 சேவை இருக்கிறது. போகிற வழியிலேயே 108 ஊழியர் சர்க்கரை பார்த்துவிடுவார். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கினாலும் கை கால் விழுந்த மாதிரியே தோன்றும் என்பதால் அது முக்கியம். வருகிற செய்தியை ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஸ்கேன் மேஜை காலியாகக் காத்திருக்கும். பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் இதைத்தான் செய்தார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரை எமர்ஜென்சி வார்டில் இறக்காமல் நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊசியையும் அந்த மேஜையிலேயே போட்டார்கள். 1998-இல் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஊசிவரை 105 நிமிடம் ஆனது. 2011-இல் அது 20 நிமிடம்.

பின்லாந்து பணக்கார நாடு என்று சொல்வீர்கள். இமாச்சலப் பிரதேசத்தைப் பாருங்கள். மலைப்பாதையில் சிம்லா வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடுகிறது என்பதால், மாவட்ட மருத்துவமனைகளிலேயே ஸ்கேன் எடுத்து, படத்தை ஸ்மார்ட்போனில் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பினார்கள். அவர் பார்த்துச் சொன்னதும் அங்கிருக்கும் பொது மருத்துவர் ஊசி போட்டார். மருந்து இலவசம். அங்கே மலை தடுத்தது. இங்கே மாதவரம் ரவுண்டானா தடுக்கிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஏதேனும் ஓர் அரசு மருத்துவமனையில் 24 மணி நேரமும் இந்த ஏற்பாடு ஓடினால், இத்தனை ஆயிரம் தொழிலாளர்களுக்கும் சென்னை ஒரு மணி நேரம் கிட்டே வந்துவிடும். இதைக் கேட்க இந்தப் பகுதிக்கு முழு உரிமை இருக்கிறது.

பஞ்ச் மெஷின் சொல்லும் சாட்சி

ஸ்கேனுக்கு முன்னால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்பதுதான். எப்போது விழுந்தார் என்பதைவிட இது முக்கியம். நாலரை மணி நேரக் கணக்கு அந்த நேரத்திலிருந்தே ஓடுகிறது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததாலேயே ஊசி கைநழுவிப் போனவர்கள் ஏராளம். கூட வந்தவர், "தெரியலீங்க, நான் பாக்கும்போதே இப்படித்தான்" என்பார். மருத்துவர் அதை வைத்துத் துணிந்து ஊசி போட முடியாது. கசிவை உண்டாக்கிவிடக்கூடிய மருந்து அது.

தொழிற்பேட்டைக்கு மற்ற இடங்களில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வேலைக்கு வந்தவர் பஞ்ச் வைத்திருக்கிறார். டீ டைமில் கேன்டீனில் நின்றிருக்கிறார். கேமரா பதிவு செய்திருக்கிறது. பக்கத்து மெஷினில் ஆள் இருக்கிறார். நிமிடக் கணக்காகச் சொல்ல முடியும். கம்பெனிக்கு வெளியே, ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கும் ரூமில் காலையில் எழும்போது ஒருவருக்குக் கை வரவில்லை என்றால், அவருடைய போனைப் பாருங்கள். ஊருக்குக் கடைசியாக எத்தனை மணிக்குப் பேசினார், எப்போது குரல் செய்தி அனுப்பினார்? தெளிவாகப் பேசிய அந்த நேரம்தான் மருத்துவருக்கு வேண்டியது. அதுவும் கிடைக்காதபோது, எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து நேரத்தைக் கணித்து ஊசி போடலாம் என்று 2018-இல் ஓர் ஆய்வு நிரூபித்திருக்கிறது. எனவே தூக்கத்தில் வந்தது என்று மனம்தளர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

வடமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள். ஒன்று மொழி. பேச்சு குழறுகிறதா என்று அறிய அவருடைய மொழி தெரிந்தவர் உடன் இருக்க வேண்டும். ஒடியாவில் குழறினாலும் நமக்கு அது வேற்றுமொழியாகத்தான் கேட்கும். வண்டியில் ஏற்றும்போது சூப்பர்வைசரை மட்டும் அனுப்பாமல், அவர் ஊர்க்காரர் ஒருவரையும் ஏற்றி அனுப்புங்கள். மற்றது சம்மதக் கையெழுத்தும் பணமும். பீகாரில் இருக்கும் மனைவியைப் போனில் பிடித்துப் புரியவைப்பதற்குள் அரைமணி போய்விடும். ஊசிக்குத் தனியாரில் பல பத்தாயிரம், கட்டியை இழுத்தெடுக்கச் சில லட்சம் என்றதும் கான்ட்ராக்டர் ஒதுங்கிக்கொள்வார். ஆனால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஊர் எது, ரேஷன் கார்டு எங்கே என்று பார்த்துச் சிகிச்சையை நிறுத்துவதில்லை. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவருக்கு அந்தத் திட்டத்தில் சிகிச்சை பெறும் உரிமையும் உண்டு. இதைச் சொல்லித்தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அறை மட்டும் இருந்து பயனில்லை. அதில் இரவு இருப்பவருக்குக் கோணல் வாயையும் விழும் கையையும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷிப்ட் நேரமும் பிரஷரும்

வருமுன் காப்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். 32 நாடுகளில் நடந்த ஆய்வு, பக்கவாதத்தில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் தடுக்கக்கூடிய பத்துக் காரணிகள் என்று 2016-இல் சொன்னது. அவற்றில் தலையாயது ரத்த அழுத்தம். தலைவலி இல்லை, அதனால் பிரஷர் இல்லை என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் எமர்ஜென்சிக்கு வருகிறார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தது; பகலில் ஆலையில் இருப்பவர்களுக்காக, வேலையிடத்திலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-இல் வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களையும் அந்த வரிசையில் நிறுத்துகிறார்களா என்று ஒவ்வொரு நிர்வாகமும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வேலை நேரம். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் அறிவித்தன. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். ஓ.டி. பணத்துக்காகத் தொழிலாளி கேட்கிறார், உற்பத்திக்காகக் கம்பெனி கொடுக்கிறது. பிரஷர் பேஷண்ட்டாக இருப்பவரை வைத்து அதைச் செய்யாதீர்கள். அது தவறு.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் செக்யூரிட்டி கேபினில் ஒரு பலகை மாட்டுங்கள். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள். முகம் கோணியிருந்தாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென நடை தள்ளாடினாலோ, பார்வை போனாலோ, யாரையும் கேட்காமல் உடனே 108-க்கு போன் செய்யவும். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சீட்டில் எழுதி, அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டையோடு கொடுத்தனுப்பவும். அதன் கீழே, இரவிலும் ஸ்கேனும் ஊசியும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, அதன் பெயரையும் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். விசாரிக்கும் வேலையை ஆள் விழுந்த பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். இன்று பகலிலேயே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.